மாட்டிக்கிட்டா இங்கிலீஷ்ல எப்படி சொல்றது?

தப்பு பண்ணியாச்சு, மாட்டியும் ஆச்சு, இனி வாங்கிக் கட்டிக்கணும். இதைச் சொல்ல இங்கிலீஷ்ல இடியம் எக்கச்சக்கம், ஆனா மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி யாரைப் பத்தி யார் சொல்றாங்கன்னு பாருங்க, சொதப்புறது அங்க தான்.

உங்களைப் பத்தி நீங்களே சொல்லணும்னா 'ஃபேஸ் த மியூசிக்'. 1830கள்லயே அமெரிக்காவுல புழங்கினது, எங்கேருந்து வந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை விடுவாங்க, அதை விடுங்க. டெட்லைனைக் கோட்டை விட்டுட்டு மேனேஜர் ரூமுக்குப் போறப்ப 'ஐ ஹேவ் டு ஃபேஸ் த மியூசிக்'னு சொன்னா, ஓடி ஒளியாம போய் நிக்கிறேங்கற தைரியமும் சேர்ந்தே வந்துடும். நடுவுல இருக்கற 'த'வை முழுங்கிடாதீங்க.

'ஹெட்ஸ் வில் ரோல்' அப்படி இல்ல, பெரிய சொதப்பலுக்கு அப்புறம் சிலர் வேலை காலின்னு வெளியில நின்னு சொல்றது. 1930ல ஜெர்மனியோட லைப்சிக் கோர்ட்ல சாட்சி சொல்ல வந்த ஹிட்லர், நாங்க ஜெயிச்சா தலைகள் உருளும்னு சொன்னப்ப நிஜத் தலையைத் தான் சொன்னார். டீமுக்கு மெயில்ல இதை எழுதினா மிரட்டலா தான் படும்.

ரொம்ப கவனமா தொட வேண்டியது 'த சிக்கன்ஸ் ஹேவ் கம் ஹோம் டு ரூஸ்ட்'. மேயப் போன கோழி பொழுது சாஞ்சா கூட்டுக்கே வர்ற மாதிரி, செஞ்சது செஞ்சவன்கிட்டயே வந்து சேரும்னு அர்த்தம், கூடவே 'நல்லா வேணும்'ங்கற குத்தலும் இருக்கும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டு ஒன்பதே நாள்ல, 1963 டிசம்பர் 1ல, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்தக் கொலையைப் பத்தி இதைச் சொல்லப் போய் அவரோட நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பே 90 நாள் வெளியில பேசக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. அதனால துக்கத்துல இருக்கறவங்க முன்னாடி வேண்டவே வேண்டாம்.

'யூ ரீப் வாட் யூ ஸோ' ஈஸி, பைபிள்ல கலாத்தியர் 6:7ல இருக்கறது, நம்ம வினை விதைத்தவன் வினை அறுப்பான் தான் அச்சு அசலா.

அடுத்தவன் தப்புக்கு நீங்க தலையைக் கொடுத்தா, பிரிட்டிஷ்காரங்க 'கேரி த கேன்'பாங்க, அமெரிக்கால 'டேக் த ராப்'.

கோர்ட்ல உச்சபட்ச தண்டனை விழுந்தா 'த ஜட்ஜ் த்ரூ த புக் அட் ஹிம்'. இங்க 'அட்' தான் வரணும், 'டு' போட்டீங்கன்னா பிடிச்சுக்கோன்னு ஜட்ஜ் ஒரு புக்கைத் தூக்கிப் போட்டார்னு ஆயிடும்.