குவேக்கர் எழுத்துகளைத் தமிழாக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் நண்பர் சில பக்கங்களை அனுப்பி, பார்த்துத் தரச் சொன்னார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தங்கள் நம்பிக்கைக்காக அடியும் சிறையும் பட்ட காலத்தில் எழுதிய தற்காப்பு நூல்களிலிருந்து அவர் தமிழாக்கிய பகுதிகள். உழைப்பு நன்றாகவே தெரிந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில். இதற்கு முன் வேறு இருவரிடமும் இதையே பார்த்தேன். அதனால் எழுதி வைக்கிறேன். பெயர் உச்சரிப்பு, ஊர்ப்பெயர்க் குழப்பம் போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"சத்தியம் செய்ய மறுத்தார்கள்"

தமிழில் சத்தியம் என்றால் உண்மையும்தான், ஆணையும்தான். இவர்களோ தங்களை உண்மையின் நண்பர்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள். ஒரு பத்தியில் "சத்தியத்துக்காகச் சிறை சென்றார்" என்றும் அடுத்த பத்தியில் "சத்தியம் செய்ய மறுத்துச் சிறை சென்றார்" என்றும் வந்தால் வாசகர் திணறிப்போவார். ஒன்றுக்கு உண்மை, இன்னொன்றுக்கு ஆணை என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. ஆணையிட வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. நீதிமன்றத்தில் மட்டும் ஆணையிட்டுச் சொன்னால், மற்ற நேரத்தில் சொல்வது பொய்யாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வேறு குற்றம் எதுவும் நிற்காதபோது நீதிபதிகள் அரச விசுவாச ஆணையை நீட்டுவார்கள். மறுத்தால் சொத்து பறிபோகும், அரசர் விடும்வரை சிறை. மார்கரெட் ஃபெல் என்ற குவேக்கர் பெண்மணி 1664இல் லான்காஸ்டரில் இப்படித்தான் தண்டிக்கப்பட்டார். வெளியே வர 1668 ஆயிற்று. பெண்கள் சபையில் பேசலாம் என்று வாதிடும் 1666ஆம் ஆண்டு நூலை அவர் எழுதியது அந்தச் சிறையில்தான்.

அரசனைத் "தாங்கள்" என்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ராபர்ட் பார்க்கிளே ஸ்காட்லாந்துக்காரர். குவேக்கர் இறையியலைப் பதினைந்து கருத்துரைகளாக வாதிட்டு நிறுவும் அவருடைய பெரிய நூல் 1676இல் லத்தீனிலும் 1678இல் ஆங்கிலத்திலும் வந்தது. முகப்பில் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு ஒரு கடிதம் இருக்கிறது. 1675 நவம்பரில் அதில் கையெழுத்திட்டபோது பார்க்கிளேக்கு 27 வயது நிறையவில்லை. நண்பர் அனுப்பிய தமிழ் இப்படித் தொடங்கியது: "மாட்சிமை தங்கிய மன்னர் அவர்களே, தாங்கள் இன்பத்தையும் துன்பத்தையும் அனுபவித்தவர்கள்..."

மூலத்தில் மாட்சிமையும் இல்லை, தாங்களும் இல்லை. இருப்பது இதுதான்: "வளத்தையும் துன்பத்தையும் நீ சுவைத்திருக்கிறாய். பிறந்த நாட்டிலிருந்து துரத்தப்படுவது என்னவென்று உனக்குத் தெரியும். அரியணையில் அமர்ந்து ஆள்வதும் தெரியும், பிறர் ஆளுகையில் கிடப்பதும் தெரியும். ஒடுக்கப்பட்டவன் நீ. ஒடுக்குகிறவன் கடவுளுக்கும் மனிதருக்கும் எவ்வளவு வெறுப்பானவன் என்பதை நீ அறியாமல் இருக்க முடியாது."

ஒருவரை ஒருமையில்தான் அழைக்க வேண்டும், ஒற்றை மனிதனுக்குப் பன்மை போடுவது பொய்யும் முகத்துதியும் என்பது இவர்களுடைய உறுதியான நிலை. கடவுளை எப்படி அழைக்கிறோமோ அப்படித்தான் அரசனையும், நீதிபதியையும், வேலைக்காரச் சிறுவனையும். பல மொழிகளின் இலக்கணத்தை எடுத்துக்காட்டி இதை நிறுவ, குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் இன்னும் இருவரும் 1660இல் தனி நூலே வெளியிட்டார்கள். 1669இல் வில்லியம் பென் என்ற குவேக்கர் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து எழுதிய நூலும் பெரும்பகுதி இதைப் பற்றியும், பெரியவர்கள் முன்னால் தொப்பியைக் கழற்ற மறுப்பதைப் பற்றியும்தான். பார்க்கிளேயின் பதினைந்தாம் கருத்துரையும் இதைப் பேசுகிறது. தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் குவேக்கரான பிறகு தன் அப்பாவை ஒருமையில் அழைத்தார். இன்னொரு முறை அப்படிச் சொன்னால் பல்லை உடைத்துத் தொண்டைக்குள் இறக்கிவிடுவேன் என்றார் அப்பா. அடித்தும் இருக்கிறார்.

தமிழில் இது அப்படியே பொருந்துகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. நீங்கள், தாங்கள் எல்லாமே இலக்கணப்படி பன்மை. ஒருவருக்கு மரியாதை தர அவரைப் பலராக்குகிறோம். குவேக்கர்கள் எதிர்த்ததும் இதையேதான். எந்த நாட்டு வாசகரையும்விட நம் வாசகருக்கு இந்தச் சண்டை சட்டென்று புரியும். அதைப் புரியவிடாமல் செய்கிறவர் மொழிபெயர்ப்பாளர்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன் இதே கடிதத்தை ஒரு சிற்றிதழுக்காகத் தமிழாக்கினேன். அரசனுக்கு "நீ" போட என் கை வரவில்லை. தாங்கள் என்றே எழுதினேன். மெய்ப்பு பார்த்த பெரியவர் படித்துவிட்டுக் கேட்டார்: "ரொம்ப மரியாதையாத்தானே தம்பி எழுதியிருக்காரு, அப்புறம் ஏன் இவங்கள ஜெயில்ல போட்டாங்க?" மொழிபெயர்ப்பு முழுக்கத் தோற்றுவிட்டது என்பதை அந்தக் கேள்வியே சொல்லியிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. முன்னுரையில் வரலாற்றை விளக்கியிருக்கிறேன் ஐயா என்று சொல்லிவிட்டேன். இதழ் அச்சாகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து ஒரு கட்டுரையாளர் என் வரிகளை மேற்கோள் காட்டி, குவேக்கர்கள் அரசனிடம் பணிவோடு மன்றாடிய எளிய பிரஜைகள் என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்த தமிழில் அப்படித்தான் இருந்தது.

"நீர்" போட்டால் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் கடவுளை நீர் என்றுதானே அழைக்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஆனால் அதே வேதாகமத்தில் கடவுள் மனிதனை நீ என்கிறார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற படிக்கட்டு அப்படியே நிற்கிறது. நீர் என்பதும் பழைய பன்மைதான்.

திருத்திச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். வசை போலத் தொனிக்கும் நீ வந்துவிடுகிறது. பார்க்கிளே அரசனைத் திட்டவில்லை. துன்பம் பட்டவன் நீ, உனக்குத் தெரியாதா என்று நெருங்கி வந்து பேசுகிறார். நம் பதிகங்களில் இறைவனை அழைக்கும் நீயைக் காதில் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், தொனி தானாக அமையும்.

தொப்பிக்கும் இதே கவனம் வேண்டும். "தொப்பியைக் கழற்றவில்லை" என்று மட்டும் எழுதினால் நம் வாசகருக்கு அது ஒன்றுமில்லை. பண்ணையார் முன்னால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட மறுத்தவனை நினைத்துக்கொண்டு அந்த வரியை எழுத வேண்டும். 1670இல் லண்டன் நீதிமன்றத்தில் பென்னும் வில்லியம் மீடும் வெறுந்தலையோடுதான் நின்றார்கள். நீதிமன்றமே அவர்கள் தலையில் தொப்பியை வைக்கச் சொல்லிவிட்டு, அதைக் கழற்றாததற்கு ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டது. ஜூரிகள் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் இந்த அபராதத்துக்காக இருவரும் சிறைக்கே திரும்பினார்கள்.

பதினோராம் மாதம் நவம்பர் அல்ல

மாதப் பெயர்களில் பழைய தெய்வங்களின் பெயர்கள் இருப்பதால் குவேக்கர்கள் எண்களையே எழுதினார்கள். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது, மார்ச்தான் முதல் மாதம். சித்திரையில் ஆண்டு மாறுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது கஷ்டமில்லை, ஆனாலும் தவறு விடுகிறோம்.

ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று அரசனிடம் தந்த புகழ்பெற்ற அறிக்கையில் 1660, 11ஆம் மாதம், 21ஆம் நாள் என்று இருக்கும். அது நம் கணக்கில் 1661 ஜனவரி 21. நவம்பர் 1660 என்று எழுதினால் கதையே மாறிவிடும். தாமஸ் வென்னரின் ஆயுதக் குழு லண்டனில் கிளர்ந்தெழுந்தது 1661 ஜனவரி 6இல். அதற்குச் சம்பந்தமே இல்லாத குவேக்கர்கள் 4,000க்கும் மேற்பட்டோர் அதன் பெயரால் சிறைப்பட்டார்கள். அந்த நெருக்கடியில் பிறந்த அறிக்கையை, அமைதியான ஓர் இலையுதிர் காலத்தில் எழுதிய தத்துவக் குறிப்பாக மாற்றிவிடுவீர்கள்.

அமெரிக்காவின் பாஸ்டனில் தூக்கிலிடப்பட்ட குவேக்கர்கள் நால்வரில் கடைசியானவர் வில்லியம் லெட்ரா, 1661 மார்ச் 14. பழைய கணக்கில் அது 1660, முதல் மாதம். அதை ஜனவரி 1660 என்று படித்தால், 1660 ஜூன் 1இல் இறந்த, அதே நால்வரில் ஒருவரான மேரி டயருக்கு முன்பே அவர் போய்விடுவார்.

1752இல் நாட்காட்டி மாறிய பிறகு முதல் மாதம் ஜனவரி. எந்த ஆண்டுக் காகிதம் என்று பார்க்காமல் மாதத்தை மாற்றாதீர்கள்.

முதல் நாளிலிருந்தே எல்லோரும் அகிம்சைவாதிகள்

இல்லை. 1651இல் டார்பி சிறையிலிருந்த ஃபாக்ஸிடம் படைத்தலைவர் பதவி தருவதாகச் சொன்னபோது அவர் மறுத்தார், சரி. ஆனால் 1650களில் கிராம்வெல்லின் படையில் குவேக்கர்கள் இருந்தார்கள். கூட்டாக நிலைப்பாடு உறுதியாவது 1660, 1661இல். அதிலும் 1660 ஜூனில் மார்கரெட் ஃபெல் அரசனிடம் தந்த கடிதத்தை விட்டுவிட்டு, ஏழு மாதம் கழித்து ஆண்கள் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டதை மட்டும் முதல் அறிக்கை என்று எழுதுவது அநியாயம்.

"அப்பாலஜி" என்றால் மன்னிப்பு

அல்ல. பார்க்கிளேயின் நூல் தலைப்பில் வரும் அந்தச் சொல்லுக்குத் தற்காப்பு வாதம் என்றுதான் பொருள்.

ஃபாக்ஸின் "நாட்குறிப்பு"

அன்றன்று எழுதியது அல்ல. பெரும்பகுதி 1670களில் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அவர் இறந்து மூன்று ஆண்டுக்குப் பின் 1694இல் அதைச் செப்பனிட்டு வெளியிட்டவர், அப்பாவிடம் அடி வாங்கிய அதே எல்வுட். அந்தப் பதிப்பிலிருந்து எடுத்தால் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.