வீட்டு விளக்குகளை மாற்றுவதற்கு முன்: வெளிச்சத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் அம்மாவின் சமையலறையில் பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்இடி பேட்டன் மாட்டிக் கொடுத்தேன். அறை பளிச்சென்று ஆனது. இரண்டு நாள் கழித்து அம்மா, "வெளிச்சம் நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா கீரை ஆயும்போது புழு இருக்கா இல்லையான்னு தெரியமாட்டேங்குது" என்றார். மேடைப் பக்கம் போய் நின்று பார்த்ததும் புரிந்துவிட்டது. விளக்கு அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் இருக்கிறது. மேடையைப் பார்த்து நின்றால் அவருடைய நிழலே கீரைமேல் விழுகிறது. எத்தனை வாட் கூட்டியிருந்தாலும் அந்த நிழல் போயிருக்காது. மேல் அலமாரிக்கு அடியில் 5 வாட் பட்டை விளக்கு ஒன்றை ஒட்டினேன், சரியாகிவிட்டது.

நேரத்துக்குத் தக்கபடி தானே மாறும் விளக்குகள் இப்போது கடையெல்லாம் கிடைக்கின்றன. ஆப், சென்சார், ஏகப்பட்ட நிறங்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த நேரத்தில், எந்த வேலைக்கு, எந்த வயதுக்காரருக்கு என்ன வெளிச்சம் வேண்டும் என்ற கேள்வியைக் கேட்காமல் வாங்கினால் பணம்தான் வீண்.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, ஹாலிலிருந்து படுக்கையறை வரை 6500 கெல்வின் 'கூல் டேலைட்' விளக்கையே மாட்டி, காலை 6 மணிக்கும் இரவு 11 மணிக்கும் அதையே எரியவிடுவது. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கலந்த வெள்ளையாகும். நம் விழித்திரையில் உருவத்தைப் பார்க்க உதவும் செல்களோடு, வெளிச்சத்தின் அளவை மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்லும் இன்னொரு வகைச் செல்களும் உண்டு. 2002-இல்தான் இவை ஒளியை நேரடியாக உணர்கின்றன என்பது உறுதியானது. இவற்றிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியால் அதிகமாகத் தூண்டப்படும். இரவில் அந்த ஒளி கண்ணில் விழுந்தால் 'இன்னும் பகல்தான்' என்ற சேதி போகும், தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பது குறையும்.

2022-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதற்கு லக்ஸில், அதாவது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகில், அளவு சொன்னார்கள். பகலில் கண் மட்டத்தில் குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய 3 மணி நேரம் 10 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது, தூங்கும்போது 1 லக்ஸைத் தாண்டக் கூடாது. இது சாதாரண லக்ஸ் இல்லை, மெலனாப்சின் உணரும் விதத்தில் கணக்கிட்ட லக்ஸ். அதே பிரகாசத்தில் 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி இந்தச் செல்களைத் தூண்டுவது, 6500 கெல்வின் வெள்ளையோடு ஒப்பிட்டால் சுமார் பாதிதான்.

பாதிதான் என்பதைக் கவனியுங்கள். மஞ்சள் பல்பு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக முழு வெளிச்சத்தில் எரியவிட்டால் அந்த 10 லக்ஸைச் சுலபமாகத் தாண்டிவிடும். நிறம் மாறினால் போதாது, அளவும் குறைய வேண்டும். இன்னொரு பக்கம், பகலில் நமக்கு வெளிச்சம் போதுவதில்லை. மேகமூட்டமான நாளில்கூட வெளியே 10,000 லக்ஸ் சாதாரணமாக இருக்கும். திரையை இழுத்து மூடிய அறையில் டியூப் லைட் போட்டு உட்கார்ந்தால் அதில் நூற்றில் ஒரு பங்கு கிடைப்பதே கஷ்டம். பிள்ளைகளின் படிப்பு மேசையை ஜன்னல் ஓரம் நகர்த்துங்கள். செலவே இல்லாத மாற்றம் இது.

வெளிச்சத்தைக் குறைக்கப் போய் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. குண்டு பல்பு காலத்து ரெகுலேட்டரில் சாதாரண எல்இடியை இணைத்தால் பல்பு துடிக்கும், ரீங்காரம் வரும், சீக்கிரம் போய்விடும். அந்த ரெகுலேட்டர் மின்னோட்ட அலையின் ஒரு பகுதியை வெட்டித்தான் வேலை செய்கிறது, எல்லா எல்இடி டிரைவரும் (பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) அதைத் தாங்காது. பெட்டியில் 'டிம்மபிள்' (வெளிச்சத்தைக் குறைக்கலாம்) என்று இருக்கிறதா பாருங்கள். மலிவான எல்இடி, ரெகுலேட்டர் இல்லாமலே நொடிக்கு 100 முறை துடிக்கலாம், ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும். மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடினால் அந்தப் பல்பை மாற்றிவிடுங்கள்.

மின்சாரச் சிக்கனம் என்றதும் எல்லாரும் வாட்டைப் பார்க்கிறோம். 60 வாட் குண்டு பல்பு தந்த சுமார் 800 லூமன் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது, உண்மைதான். அந்தத் தைரியத்தில் ஃபால்ஸ் சீலிங்கில் 12 வாட் விளக்குகளைப் பன்னிரண்டு பதித்து, ஒரே சுவிட்சில் இணைத்துவிடுகிறார்கள். 144 வாட், தினம் 5 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட். தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கிட்டத்தட்ட பாதி ஒரே அறையின் கூரைக்குப் போகிறது. வயரிங் நடக்கும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இரண்டு மூன்று சுவிட்சாகப் பிரித்துக்கொண்டால், எந்த ஆப்பும் இல்லாமலே வேண்டியபோது வேண்டிய அளவு எரியும்.

ஆள் அசைவைக் கண்டு விளக்கை எரியவிடும் சென்சார் விஷயத்தில் இடம் முக்கியம். மாடிப்படிக்கும் குளியலறை வழிக்கும் பொருத்தமானது. படிக்கும் அறையில் வைத்தால் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை இருட்டில் விட்டுவிடும். மே மாதத்தில் சென்சார் மந்தமாக இருக்கிறது என்று புகார் வருவதுண்டு. அது உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கண்டுபிடிக்கிறது. சுவரே 35 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் காணாமல் போகும்.

ஸ்மார்ட் பல்பு வாங்கினால் முதல் நாளே ஒரு அமைப்பைச் சரிபாருங்கள். என் நண்பர் வீட்டில் இரவு 2 மணிக்குக் கரண்ட் போய் வந்தது. அணைத்து வைத்திருந்த பல்பு முழு வெளிச்சத்தில் பளீரென்று எரிய, தொட்டிலில் தூங்கிய குழந்தை அலறி எழுந்தது. மின்சாரம் திரும்பியதும் பல்பு எந்த நிலைக்கு வர வேண்டும் என்பதைப் பெரும்பாலான ஆப்களில் மாற்றலாம், 'பழைய நிலை' என்று வையுங்கள். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் நீங்கள் போட்ட நேர அட்டவணை எதுவும் நடக்காது என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களை நாம் மறந்தே விடுகிறோம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. அதனால் அப்பா செய்தித்தாள் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் தனி மேசை விளக்கு வேண்டும். கூரை விளக்கைப் பெரிதாக்கினால் கண் கூசும்.

படுக்கையறையில் வழக்கமாகப் போடும் நீல நைட் லேம்ப்பை எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். உடல் கடிகாரத்தை எழுப்பும் நிறமே அதுதானே! அதற்குப் பதிலாக, கட்டிலிலிருந்து குளியலறை போகும் வழியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அரை வாட் ஆரஞ்சு விளக்கு இரண்டு, சென்சாரோடு. அப்பா ராத்திரி எழுந்தால் கால் வைக்கும் இடம் தெரிகிறது, அம்மாவின் தூக்கமும் கலைவதில்லை.