ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமானத்துக்கு லிப்போ சார்ஜ் போடும்போது நடக்கும் தவறுகள்

சார்ஜருக்குத் தானாக எதுவும் தெரியாது. என்ன வகை பேட்டரி, எத்தனை செல், எத்தனை ஆம்பியர் என்று திரையில் நாம் வைத்ததை அப்படியே நம்பி ஏற்றும். லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்று 4.20 வோல்ட்டில் நிறைந்துவிடும். எச்வி (ஹை வோல்ட்டேஜ்) என்று அச்சிட்ட செல் 4.35 வரை போகலாம். சாதா லிப்போவை எச்வி முறையில் போட்டால் செல் உப்பும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. நிக்கல் பேட்டரிக்கான முறையில் போடுவது அதைவிட மோசம். அந்த முறையில் வோல்ட்டேஜ் உச்சிக்குப் போய் லேசாக இறங்குவதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும். லிப்போவில் அந்த இறக்கம் வராது, சார்ஜரும் நிறுத்தாது. அதனால் ஸ்டார்ட் பட்டனை அழுத்துமுன் திரையில் இருப்பதையும் பேட்டரி லேபிளையும் ஒருமுறை சேர்த்துப் படியுங்கள்.

செல் எண்ணிக்கையைச் சார்ஜரே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதிலும் வில்லங்கம் இருக்கிறது. அளவுக்கு மீறி வடிந்த 3எஸ் (மூன்று செல்லைத் தொடராக இணைத்த) பேட்டரியில் செல்லுக்கு 2.8 வோல்ட் என்றால் மொத்தம் 8.4. நிறைந்த 2எஸ் பேட்டரியும் அதே 8.4 வோல்ட்தான். தடித்த கம்பி இரண்டை மட்டும் பார்த்தால் எது எதுவென்று எந்தச் சார்ஜராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்க உதவும் மெல்லிய பேலன்ஸ் கம்பியைச் செருகினால்தான் செல்களை எண்ண முடியும்.

பேலன்ஸ் கம்பியின் அந்த வெள்ளைக் கனெக்டரைச் செருகாமல் போடுவதுதான் இருப்பதிலேயே பரவலான தவறு. 3எஸ் பேட்டரியில் அதற்கு நாலு கம்பி. மொத்த வோல்ட்டேஜ் 12.60 என்று திரை காட்டினால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் உள்ளே 4.28, 4.20, 4.12 என்று இருந்தாலும் கூட்டுத்தொகை அதே 12.60 தான். முதல் செல் எல்லை தாண்டிவிட்டது, மூன்றாவது நிறையவே இல்லை. அடுத்த முறை பறக்கும்போது மூன்றாவது செல்தான் முதலில் வடியும். பேட்டரி முழுதும் கெட அந்த ஒன்று போதும். எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் முறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் உடலைப் பிடித்து எடுங்கள். உள்ளே ஒரு பின் நழுவினால் செல் அளவுகள் தாறுமாறாகக் காட்டும்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். சார்ஜிங் கம்பியின் ஒரு முனையில் வாழைப்பழ பிளக் இரண்டு இருக்கும், மறுமுனையில் பேட்டரியோடு மாட்டும் எக்ஸ்டி60 மாதிரி கனெக்டர். முதலில் பிளக் இரண்டையும் சார்ஜரில் செருகி, பிறகுதான் பேட்டரியை மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் வெளியே தொங்கும் அந்த இரண்டு பிளக்கும் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகும். கழற்றும்போது பேட்டரி முதலில்.

எத்தனை ஆம்பியர் வைப்பது? 1சி போதும், அதாவது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு ஆம்பியர். 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்றால் 2.2 ஆம்பியர், 5000 என்றால் 5. லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் 25சி, 40சி எல்லாம் பேட்டரி கொடுக்கக்கூடிய வேகம். ஏற்றும் வேகம் அல்ல. (அந்த எண்ணையும் தாராளமாகத்தான் அச்சடிக்கிறார்கள்.) 50 வாட் சார்ஜரில் 6எஸ் 5000 பேட்டரியை மாட்டி 5 ஆம்பியர் வைத்துவிட்டு, 2 ஆம்பியர்தான் ஏறுகிறது என்று சார்ஜரைக் குறை சொல்வதில் பயனில்லை. 25.2 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 126 வாட் வேண்டும்.

விமானத்தை இறக்கியதும் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். கையில் பிடித்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறட்டும். உறைகுளிரிலும் கூடாது. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து பின்னால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம். விமானத்திலிருந்து வெளியே எடுத்து, தீப்பிடிக்காத தளத்தில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போட வேண்டும்.

விமானத்துக்குள் மாட்டும்போதும் இதே ஊகச் சிக்கல்தான். தானாக செல் எண்ணும் இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) நன்றாக வடிந்த 4எஸ்ஸை மாட்டினால், சில இஎஸ்சிகள் அதை 3எஸ் என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தும் எல்லையையும் கீழே கொண்டுபோய்விடும். செல் எண்ணிக்கையைக் கையால் வைக்க வழியிருந்தால் வையுங்கள்; கட்ஆஃப் (மோட்டாரை நிறுத்தும் அந்த எல்லை) நிக்கல் முறையில் இல்லையே என்றும் பாருங்கள். இஎஸ்சியை அமைக்கும்போது புரொப்பெல்லர் கழற்றியே இருக்கட்டும். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, த்ராட்டில் கீழே இருப்பதைப் பார்த்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். வேறு எடையுள்ள பேட்டரி போட்டால் சிஜி (விமானத்தின் எடை மையம்) நகரும், மறுபடி பார்த்தாக வேண்டும்.

கட்ஆஃப் வரும் வரை பறக்கவிடுவது பேட்டரியை அரைகுறையாகக் கொல்வது. டைமர் வைக்கக் கணக்கு எளிது. நிறைந்த 2200 பேட்டரியோடு 4 நிமிடம் பறந்து இறக்குங்கள். திரும்ப நிரப்பும்போது சார்ஜர் 1100 எம்ஏஎச் ஏற்றியதாகக் காட்டினால் நிமிடத்துக்கு 275. பேட்டரியில் 80 சதவீதம், அதாவது 1760 வரைதான் எடுக்கலாம் என்று வைத்தால் 6.4 நிமிடம் வரும். டைமர் 6 நிமிடம். காற்று பலமான நாளில் 5.

நாளைக்குப் பறக்கலாம் என்று நிரப்பி வைத்து, மழை வந்து, இரண்டு வாரம் அலமாரியில் கிடந்த பேட்டரி உப்பினால் ஆச்சரியமில்லை. இரண்டு மூன்று நாளுக்குள் பறக்கப் போவதில்லை என்றால் ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். திறந்த இடத்தில் சிறு பல்பு ஒன்றை மாட்டி முழுக்க வடியவிட்டு, கனெக்டர்களை டேப்பால் மூடி, பேட்டரி மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.