குழந்தையின் மூட்டுவாதத்துக்கு வீடியோ ஆலோசனை: வீட்டில் எப்படித் தயாராவது?

மூட்டுவாதம் உள்ள குழந்தை மதிய நேர வீடியோ ஆலோசனையில் துள்ளி ஓடிக்காட்டும். அதே குழந்தை அன்று விடிந்ததும் கட்டிலை விட்டு இறங்கவே அழுதிருக்கலாம். தூங்கி எழுந்ததும் வரும் மூட்டு இறுக்கம் அசைய அசையத் தளர்ந்துவிடுவதால், மருத்துவர் கண்ணில் அது படாமலே போகிறது. எனவே தயாரிப்பில் முதலிடம் விடியற்காலை வீடியோவுக்குத்தான்.

1. விடிந்ததும் பதிவு செய்யுங்கள்

குழந்தை எழுந்த பத்து நிமிடத்துக்குள், வெந்நீர்க் குளியலுக்கு முன்பே எடுங்கள். முழங்கால் தெரியும் அரை டிராயர், வெறும் பாதம். போனைக் கிடைமட்டமாக, குழந்தையின் இடுப்பு உயரத்தில், சுமார் மூன்று மீட்டர் தள்ளி ஒரு நாற்காலியில் சாய்த்து வையுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் முழங்காலும் பாதமும் குறுகித் தெரியும், நொண்டல் பிடிபடாது. ஜன்னல் போனுக்குப் பின்னால் இருக்கட்டும். குழந்தைக்குப் பின்னால் இருந்தால் வெறும் நிழலுருவம்தான் பதிவாகும்.

போனை நோக்கி நடந்து வந்து, திரும்பிப் போகட்டும். பிறகு நுனிக்காலில், அடுத்து குதிகாலில். தரையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். பல குழந்தைகள் வலியைச் சொல்வதில்லை, அந்த அசைவைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

2. கை, கழுத்து, தாடை

முஷ்டி மடக்குவது, கட்டை விரலால் மற்ற விரல் நுனிகளைத் தொடுவது, உள்ளங்கைகளைக் கும்பிடுவதுபோல் சேர்ப்பது, பிறகு புறங்கைகளைச் சேர்ப்பது, கூரையை அண்ணாந்து பார்ப்பது. தாடையை மறந்துவிடாதீர்கள். குழந்தையின் மூன்று விரல்கள் செங்குத்தாக அதன் வாய்க்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டாலோ, திறக்கும்போது தாடை ஒரு பக்கம் கோணினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். தாடை மூட்டு வலியே இல்லாமலும் கெடும்.

3. படங்கள்

வீங்கிய முழங்காலை மட்டும் எடுத்தால் பயனில்லை, இரண்டும் ஒரே படத்தில் வேண்டும். முழங்கால் சில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் குழிவு ஒரு காலில் மறைந்திருப்பது ஒப்பிட்டால்தான் தெரியும். அழகூட்டும் ஃபில்டரையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் தோலின் சிவப்பை அழித்துவிடும். காய்ச்சலோடு வந்து மறையும் தடிப்பைத் தோன்றிய உடனே எடுங்கள்.

4. குறிப்பேடு

எழுந்த நேரம், சரளமாக நடக்கத் தொடங்கிய நேரம், காய்ச்சல் அளவு, இன்றைய எடை, தவறிய மருந்துகள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டுமே. தவறி தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கான கிழமையைப் போனில் அலாரமாக வையுங்கள். பதிவுகளை முந்தின நாளே மருத்துவமனை சொன்ன வழியில் அனுப்பிவிடுங்கள், இணையம் தடுமாறினாலும் அவை கையில் இருக்கும்.

5. திரை வழியே முடியாதவை

மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதை நேரில் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும். கண் பரிசோதனையும் அப்படியே: இந்த நோயில் கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் சிவப்போ வலியோ இல்லாமல் பார்வையைத் தின்னும். கண் மருத்துவர் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும். மூட்டு நன்றாக இருந்தாலும் அவர் குறித்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சூடாகி, குழந்தை கால் ஊன்ற மறுத்தால் வீடியோ ஆலோசனைக்குக் காத்திருக்க வேண்டாம். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அடுத்த டோஸ் கொடுக்கும் முன் அன்றே மருத்துவரை அழையுங்கள்.