முண்ணாண் காயமடைந்த ஆண்களின் பாலியல் நலத்தை மதிப்பிடுவது எப்படி

முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு) காயத்துடன் வரும் ஆண்களிடம் சிறுநீர், மலம், படுக்கைப்புண் பற்றித் தவறாமல் விசாரிக்கும் நாம், தாம்பத்தியம் பற்றி மட்டும் அவர்களாகவே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலானோர் சொல்வதில்லை. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த ஒருவர், சிறுநீர்ப் பையைச் சாரத்தின் மடிப்புக்குள் மறைத்தபடி, எல்லாம் முடிந்த பிறகு "தம்பி, இன்னொண்டு கேக்கவேணும்" என்று தொடங்கினார். கதவடியில் நின்ற மைத்துனரைக் கண்டதும் "ஒண்டுமில்லை" என்று முடித்துவிட்டார். அன்று நான் மைத்துனரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும்.

ஆகவே முதலில் தனிமையை ஏற்படுத்துங்கள். திரைச்சீலை போதாது, கதவு வேண்டும். மனைவியை அழைப்பதாயின் நோயாளியின் சம்மதத்துடன் பிறகு அழைக்கலாம். "இந்தக் காயத்துக்குப் பிறகு பலருக்குத் தாம்பத்தியத்தில் மாற்றம் வருகிறது, அதைப் பற்றிப் பேச விருப்பமா, அண்ணா?" என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், எப்போதும் கேட்கலாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். மணமாகாதவரிடமும் வயதானவரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

காயத்துக்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி, அவர் விரும்புவது என்ன என்ற வரிசையில் பேச்சு இயல்பாக நகரும். தொடுகையால் விறைப்பு வருகிறதா, எண்ணத்தால் வருகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது, விந்து வெளியேறுகிறதா, உச்ச உணர்வு உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இடையில் சிறுநீர் கசியும் என்ற பயம், தசை இறுக்கம், மனச்சோர்வு, நீரிழிவு, தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பக்லோஃபென், மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். விறைப்புச் செயற்பாட்டுக்கான 15 கேள்விப் படிவம் கடந்த நான்கு வாரங்களைப் பற்றியே கேட்பதால், துணையைப் பிரிந்திருப்பவருக்கு அதன் குறைந்த புள்ளி தவறான முடிவைத் தரும். படிவத்தை நம்பி உரையாடலைச் சுருக்காதீர்கள்.

உடற்பரிசோதனையில், செய்யப்போவதை முன்கூட்டியே விளக்கிவிட்டு, முண்ணாணின் நெஞ்சறை 11 முதல் நாரி (கீழ்முதுகு) 2 வரையான மட்டங்களுக்குரிய தோற்பகுதியிலும், குதத்தைச் சுற்றிய திருவென்பு (முதுகெலும்பின் அடிப்பகுதி) மட்டங்களுக்குரிய பகுதியிலும் ஊசிமுனை உணர்வையும் மென்தொடுகையையும் பாருங்கள். குதத் தசையை அவராகச் சுருக்க முடிகிறதா என்றும், ஆண்குறி முனையை அழுத்தும்போது அத்தசை தானாகச் சுருங்குகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணத்தால் வரும் விறைப்பு நெஞ்சறை 11 முதல் நாரி 2 வரையான பகுதியையும், தொடுகையால் வருவது திருவென்பு 2 முதல் 4 வரையான பகுதியையும் சார்ந்தது. காயம்பட்ட முதல் வாரங்களில் தெறிவினைகள் (தூண்டலுக்கு உடல் தானாகக் காட்டும் எதிர்வினைகள்) அடங்கியிருக்கும் என்பதால், அப்போதைய முடிவை நிரந்தரமென்று சொல்லிவிடாதீர்கள்.

காயம் நெஞ்சறை 6 அல்லது அதற்கு மேல் என்றால் வழக்கமான இரத்த அழுத்தத்தைக் கட்டாயம் பதிவுசெய்யுங்கள். பாலுறவின்போது இடிப்பதுபோன்ற தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை வந்ததுண்டா என்று கேளுங்கள். இருந்தால் அழுத்தம் ஆபத்தாக உயர்கிறது என்று பொருள். உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, சிறுநீர்ப்பை நிறைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும் என்பதை மனைவிக்கும் கற்பியுங்கள். பாமசியில் தாமாக விறைப்புக்கான சில்டெனாஃபில் அல்லது தடலாஃபில் மாத்திரை வாங்கினாரா என்பதும் முக்கியம்: சில்டெனாஃபிலை எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், தடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும், அந்த அழுத்தத்தைக் குறைக்கத் தரப்படும் நைத்திரேற்று மருந்தைக் கொடுக்கக் கூடாது.

மூதூர்க்காரர் அடுத்த முறை வந்தபோது மைத்துனரைத் தேநீர் குடிக்க அனுப்பினேன். அவர் கேட்டது விறைப்பைப் பற்றியல்ல. பிள்ளை கிடைக்குமா என்பதையே. பெரும்பாலும் விந்தணு எண்ணிக்கை குறைவதில்லை, அசையும் தன்மையே குறைகிறது என்றும், நெஞ்சறை 10க்கு மேற்பட்ட காயமென்றால் அதிர்வுக் கருவியால் விந்து பெற நல்ல வாய்ப்புண்டு என்றும், முதல் முயற்சியை வைத்தியசாலையில் இரத்த அழுத்தத்தை அளந்தபடியே செய்ய வேண்டும் என்றும் சொன்னேன்.