விளக்கு ‘எரிகிறது’ என்பதில் தொடங்கும் பிழை: மின்சாரப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ‘மின்விளக்கு எரிவது எவ்வகை மாற்றம்?’ என்று கேட்டால், பலரும் தயங்காமல் ‘வேதியியல் மாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். எரிதல் வேதியியல் மாற்றம் என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள். வீட்டிலோ அகல் விளக்குக்கும் டியூப் லைட்டுக்கும் ‘எரிகிறது’ என்ற ஒரே சொல்லைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அகலில் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறிவிடுகிறது. குண்டு பல்பிலோ டங்ஸ்டன் இழை சுமார் 2,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி ஒளிர்கிறதே தவிர எரிவதில்லை. எரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே உள்ளிருக்கும் காற்றை நீக்கிவிட்டு ஆர்கான் போன்ற மந்த வாயுவை நிரப்புகிறார்கள். புதிய பொருள் உண்டானால்தான் அது வேதியியல் மாற்றம்; இங்கே ஸ்விட்சை அணைத்த பின்னும் இழை டங்ஸ்டனாகவே இருப்பதால், நிகழ்ந்தது இயற்பியல் மாற்றம். டியூப் லைட்டில் பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடுவதும், குழாயின் உட்பூச்சு அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவதும், எல்.இ.டி. ஒளிர்வதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

அடுத்த தவறு, பழைய நிலைக்குத் திரும்பாத எல்லாவற்றையும் வேதியியல் மாற்றம் என்று எழுதிவிடுவது. ‘மீள்வது இயற்பியல், மீளாதது வேதியியல்’ என்று இரண்டு கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் அட்டவணையால் விளைந்த நன்மையைவிடக் குழப்பமே அதிகம் என்பது என் எண்ணம். உருகி அறுந்த ஃபியூஸ் கம்பி தானாக ஒட்டிக்கொள்வதில்லை. ஆயினும் அங்கே நடந்தது பெரும்பாலும் உருகுதல் மட்டுமே. நெடுநாள் உழைத்த குண்டு பல்பின் கண்ணாடியில் கருமை படிந்திருப்பதைப் பார்த்துக் ‘கரி’ என்று எழுதுகிறார்கள். அதில் கரியே இல்லை. இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன், குளிர்ந்த டம்ளரின் மேல் நீர் முத்துப்போல் படிவதைப் போலக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. மாறாக, கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்த பல்பைப் போட்டால், இழை நொடியில் அறுந்து வெண்புகை கிளம்பும். அது டங்ஸ்டன் ஆக்சைடு, அதாவது புதிய பொருள். முதல் பல்பில் நடந்தது இயற்பியல் மாற்றம், விரிசல் விட்டதில் நடந்தது வேதியியல் மாற்றம். இழை இரண்டிலும் ஒன்றே.

இதற்கு நேர் எதிர்ச் சான்று இன்வெர்ட்டர் பேட்டரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது. தொட்டியில் தண்ணீரைப் போல மின்சாரம் அதற்குள் நிரப்பி வைக்கப்பட்டிருப்பதாக அப்போது நாங்களும் நம்பினோம். உள்ளே இருப்பவை காரீயத் தகடும், காரீய டை ஆக்சைடு தகடும், நீர் கலந்த கந்தக அமிலமும்தான். மின்சாரத்தை எடுக்கும்போது இரு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது அவை பழையபடி திரும்புகின்றன. முழுதாக மீள்வதால் இதை இயற்பியல் மாற்றம் என்று எழுதினால் அது பிழை. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை அமிலத்தில் விட்டுப் பார்த்தால், முழு சார்ஜில் ஏறத்தாழ 1.25 இருக்கும் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), சார்ஜ் இறங்க இறங்கக் குறைந்துவருவதைக் கண்ணாலேயே காணலாம். பேட்டரியில் தண்ணீர் குறைவது வெயிலில் ஆவியாவதால் மட்டுமே என்று நினைப்பதும் சரியன்று. சார்ஜ் நிறையும் கட்டத்தில் நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைக்கவும், அதன் அருகில் தீக்குச்சி கிழிக்காமல் இருக்கவும் சொல்வது அதனால்தான்.

கம்பிக்குள் ஓடும் மின்சாரத்தையும் கரைசலுக்குள் ஓடும் மின்சாரத்தையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு தவறு. செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் நகர்கின்றன, செம்பு செம்பாகவே இருக்கிறது. கரைசலில் மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகள் நகர்ந்து மின்முனையை அடையும் இடத்தில் பொருளே மாறிவிடுகிறது. கடலூர் சில்வர் பீச்சிலிருந்து ஒரு பாட்டில் கடல் நீரைக் கொண்டுவந்து, 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்த பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் குச்சிகள் இரண்டை அதில் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தினால், எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும்; நேர்முனையில் பிளீச்சிங் பவுடரின் நெடி வரும். ‘தண்ணீர் கொதிக்கிறது’ என்று எழுதுபவர்கள் அந்த நெடியைக் கவனிப்பதில்லை. அது குளோரின் என்பதால் சன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், வீட்டு மின் இணைப்பை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மின் உற்பத்தி முழுவதையும் ஒரே வகையில் அடக்குவதும் பொருந்தாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிவது வேதியியல் மாற்றம்; அந்த வெப்பத்தால் நீர் ஆவியாவதும், ஆவி டர்பைனைச் சுழற்றுவதும், ஜெனரேட்டரில் மின்சாரம் பிறப்பதும் புதிய பொருள் எதையும் உண்டாக்குவதில்லை.

கடைசியாக, கடலோரமான தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளின் மெயின் பாக்ஸைத் திறந்தால் செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். கரண்ட் ஓடி ஓடி வந்த களிம்பு என்பார்கள். மின்சாரமே ஓடாமல் மூலையில் சுருட்டிப் போட்ட செம்புக் கம்பியிலும் உப்புக் காற்றும் ஈரமும் அதே பச்சையைப் பூக்க வைப்பதை அந்த வீட்டுக் கொல்லையிலேயே பார்க்கலாம்.