கிழமைக்கு ஒன்று போதும்: ஊருக்குப் போகிறவர்களுக்குக் கூத்து, மேளம், பாடுமீன்

நாலு கிழமை லீவு என்றால் அதில் பாதி சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாட்டில் போகும். கால்வாசி காணி அலுவலும் உறுதி எடுக்கிறதுமாகப் போகும். மிச்சமிருக்கிற நாட்களில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடினால் கமரா நிறையப் படம் இருக்கும், காதில் ஒரு பாட்டும் இருக்காது. அதனால் கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றுக்கு ஒரு முழு இரவையோ ஒரு முழுப் பின்னேரத்தையோ கொடுங்கள்.

முதலில் பஞ்சாங்கம், பிறகு ரிக்கெற்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பார்க்கத் தக்க கலை பெரும்பாலும் கோயிலோடு சேர்ந்தது. கோயில் திதியோடும் நட்சத்திரத்தோடும் போகும். அதனால் 'போன வருசம் ஓகஸ்ட் இருபத்தொன்றில் தேர்' என்று நினைத்து ரிக்கெற் எடுத்தால் பிழையாகிப் போகும். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆடி அமாவாசையையும் சேர்த்து எண்ணினால் ஆறாம் நாள் கொடியேற்றம். அதிலிருந்து 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். 2023இல் கொடி ஓகஸ்ட் 21, தேர் செப்டெம்பர் 13. அந்த வருசம் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவை நம்பி வந்தவர்கள் தேரைக் காணவில்லை. 2024இல் கொடி ஓகஸ்ட் 9, தேர் செப்டெம்பர் 1. 2025இல் கொடி ஜூலை 29, தேர் ஓகஸ்ட் 21. வருசத்துக்குப் பதினொரு நாளளவில் முன்னுக்கு வரும், இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை சடாரென்று பின்னுக்குப் போகும். லீவு முன்கூட்டியே முடிகிற நாட்டில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வருசத்தைத் தெரிவுசெய்வது நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழங்குகிற ஊர் இது. ஒரு கோயில் ஒன்றைப் பார்க்கும், பக்கத்துக் கோயில் மற்றதைப் பார்க்கும். சில நாட்கள் முன்பின்னாகிவிடும். வெளிநாட்டில் மாட்டியிருக்கும் நாட்காட்டியை நம்பாமல், அந்தக் கோயில் எந்தப் பஞ்சாங்கம் என்று ஊரில் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். திறந்த வெளியில் ஒன்றும் நடக்காது. மாசி தொடக்கம் வைகாசி வரை கூத்துக்காலம். பங்குனியிலிருந்து ஆவணி வரை திருவிழாக்காலம். கோடை லீவுக்கு வருகிறவர்களுக்குத் திருவிழா தானாகக் கிடைக்கும், கூத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் கிழமை: நித்திரை வராத இரவுக்குக் கூத்து

வந்த முதல் கிழமையில் நித்திரை குழம்பியிருக்கும். அதைக் குறையாக எடுக்காதீர்கள். ஊரில் விடியப்புறம் மூன்று மணி என்றால் கோடையில் லண்டனில் முதல்நாள் இரவு பத்தரை, ரொறன்ரோவில் பின்னேரம் ஐந்தரை. உங்கள் உடம்பு முழித்திருக்கும் அந்த நேரம்தான் கூத்து சூடு பிடிக்கிற நேரம். விடியவிடிய ஆடுகிற கூத்தை இரண்டாம் கிழமைக்குத் தள்ளினால் பன்னிரண்டு மணிக்கே கொட்டாவி வந்துவிடும்.

யாழ்ப்பாணப் பக்கம் தேடவேண்டியது காத்தவராயன் கூத்து. அம்மன் கோயில் பொங்கல், மடை, நேர்த்தி என்றால் அதை வைப்பார்கள். சிந்துநடைக் கூத்து என்றும் சொல்வார்கள். பாட்டின் தாளத்துக்கு ஒரு துள்ளு நடை, பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் உடுக்கும். கதைநாயகன் காத்தவராயன், சுருக்கமாகக் காத்தான், வளர வளர ஆளும் மாறும்: முன்காத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று வேறு வேறு நடிகர்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் இதில்தான் குழம்பிப் போவார்கள். கழுமரம் ஏறுகிற கட்டம் விடியப்போகிற நேரத்தில் வரும். ஒவ்வொரு படியாக ஏறி ஏறிப் பாடுவார். அதற்கு முன் எழும்பிப் போனால் வந்ததற்குப் பலன் இல்லை.

பொதுவாக நடக்கிற பிழை இதுதான்: ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு போய், முதல் ஒரு மணித்தியாலம் இருந்து, நாலு வீடியோ எடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது. முதல் ஒரு மணித்தியாலம் காப்புப் பாட்டு, மைக் சரிபார்ப்பு, தலைவர் உரை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பத்து மணிக்குப் படுக்கப் போட்டு இரண்டு மணிக்கு எழுப்பிக்கொண்டு போங்கள். நோட்டீசில் எட்டு மணி என்றுதான் போட்டிருக்கும். அதனால் 'எத்தனை மணிக்குத் தொடங்கும்?' என்று கேட்பதில் பயனில்லை. 'பின்காத்தான் எத்தனை மணிக்கு வருவார்?' என்று கேட்டால் சரியான நேரம் சொல்வார்கள். பாய் ஒன்று, போர்க்கச் சால்வை ஒன்று, நுளம்புக்குப் பூச மருந்து, போத்தலில் தண்ணீர். வேறொன்றும் தேவையில்லை.

எங்கே ஆடுகிறார்கள் என்று எப்படி அறிவது? மதிலில் ஒட்டிய நோட்டீஸ், உள்ளூர்ப் பத்திரிகை எல்லாம் சரி. அவற்றைவிட உறுதியான இடம் ஒலிபெருக்கி, லைற் வாடகைக்கு விடுகிற கடை. அவர்கள் இல்லாமல் ஒரு மேடையும் எழும்பாது, அதனால் அடுத்த இரண்டு கிழமைக்கு எந்த ஊரில் என்ன நடக்கிறது என்று அவர்களின் கொப்பியில் இருக்கும். ஓட்டோக்காரருக்கும் தெரியும், ஆனால் அவருக்குத் தன் ஊர்க் கூத்துத்தான் உலகத்திலேயே சிறந்தது.

காசு விசயம். நுழைவுச்சீட்டு கிடையாது. கொடுக்க விரும்பினால் முடிந்தபிறகு கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரிடமோ பொறுப்பானவரிடமோ கையில் கொடுங்கள். நடுவில் கொடுத்தால் அறிவிப்பாளர் பாட்டை நிறுத்தி, கனடாவிலிருந்து வந்த இன்னாரின் மகன் என்று வம்சம் முழுக்க வாசிப்பார். கழுவேறப் போகிற காத்தான் அதுவரை ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.

பாசையூர், குருநகர்ப் பக்கம் கத்தோலிக்க நாட்டுக்கூத்து உண்டு. தவக்காலத்தில் வருகிறவர்கள் திருப்பாடுகளின் காட்சியைத் தேடிப் பார்க்கலாம். திருமறைக் கலாமன்றம் என்ற கலை அமைப்பு அதில் பேர்பெற்றது.

இரண்டாம் கிழமை: சுவாமியின் முன்னால் போகிற மேளம்

நல்லூருக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. ஆனால் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சனத்தையும் ஐஸ்கிறீமையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். மேளத்தைக் கேட்பதற்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள். தேரன்று வேண்டாம், நெரிசலில் ஒன்றும் கேட்காது. நடுத் திருவிழாவில், சனி ஞாயிறு இல்லாத ஒரு பின்னேரம் சரியான நாள்.

ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், வேட்டியோடு போவது நல்லது. அரைக்காற்சட்டை சரிவராது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கோயிலைச் சுற்றிய வீதிகளைத் திருவிழாக்காலத்தில் மறித்து மணல் பரப்பியிருப்பார்கள். வாகனத்தையும் செருப்பையும் தூரத்திலேயே விடவேண்டி வரும், அதற்குக் கால் மணித்தியாலம் கூட்டி வையுங்கள். நல்லூர் நேரம் தவறாத கோயில். தேரும் வெயில் ஏறமுன் வெளிக்கிட்டுவிடும். பத்து மணிக்கு ஆறுதலாகப் போனால் தேர் சுற்றி முடித்துத் தன் இருப்பிடத்தில் நிற்கும். வேளைக்குப் போய், தேர் இருப்புக்கு வந்தபிறகும் நில்லுங்கள். ஆறுமுகசுவாமி பச்சை சாத்தி, அதாவது பச்சை அலங்காரத்தோடு, தேரிலிருந்து இறங்குவதைப் பார்க்கத்தான் பலர் நிற்பார்கள்.

மேளம் கேட்க எங்கே நிற்பது? சுவாமி வெளிவீதி சுற்றும்போது மேளகாரர் முன்னால் போவார்கள். நடக்கும்போது வாசிப்பது ஒன்று, வீதி மூலையில் சுவாமி தரித்து நிற்கும்போது வாசிப்பது வேறொன்று. அந்த மூலையில் முன்கூட்டியே போய் நில்லுங்கள். தவில்காரரின் வலக்கைப் பக்கம், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கள் ஓடுவது அங்கிருந்துதான் தெரியும். விரல் நுனிகளில் வெள்ளையாகத் தெரிவது காயக்கட்டு இல்லை, இறுகக் காயவைத்த விரற்கூடு. இடப்பக்கத்தைக் கழியால் அடிப்பார்கள். சின்னப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள், காது வலித்து அழும், பிறகு முழுக் குடும்பமும் வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

இரண்டு மூன்று கூட்டம் மேளம் பிடிக்கிற கோயிலென்றால் சமா வைப்பார்கள். ஒரு தவில் ஒரு தாளக் கோர்வையை விடும், மற்றத் தவில் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். இது பெரிய கோயிலில்தான் என்றில்லை. இணுவில், அளவெட்டிப் பக்கத்துச் சின்னக் கோயில்களின் இரவுத் திருவிழாவில் நின்று கேட்க இன்னும் வசதி, சுற்றி நிற்கிறவர்களும் தாளக் கணக்குத் தெரிந்தவர்கள். 1975இல் காலமான தவில் மேதை தட்சணாமூர்த்தியின் பேரைச் சொல்லி ஒரு பெரியவரிடம் கதை கொடுத்தால், அன்றிரவு உங்களுக்கு நித்திரை இல்லை.

மூன்றாம் கிழமை: வெயிலுக்கு ஒதுங்க

நடுப்பகல் வெயில் தாங்காத நாளுக்கு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள நாவற்குழி. சிவபூமி அரும்பொருட்காட்சியகமும் திருவாசக அரண்மனையும் அங்கேதான். திருவாசகத்தின் 658 பாடல்களும் கருங்கல்லில் பொறித்துச் சுற்றிவர நிற்கின்றன. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்ட வருமென்றால் ஒரு விளையாட்டு வையுங்கள்: தங்கள் பேரில் உள்ள எழுத்துகளைக் கல்லில் தேடட்டும். அரைமணித்தியாலம் சத்தம் வராது.

நகருக்குள் பொதுநூலகம். 1981இல் எரித்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது அது வேலைசெய்கிற நூலகம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே இந்திய உதவியில் கட்டிய பதினொரு மாடிக் கலாசார மையம். அதன் அறிவிப்புப் பலகையை ஒருதரம் பார்த்தால் அந்தக் கிழமை நாட்டியமோ நாடகமோ இருக்கிறதா என்று தெரியும்.

புத்தகம் வாங்குவதானால் ஒன்று. உள்ளூர் வெளியீடுகள் முந்நூறு ஐந்நூறு பிரதிதான் அடிப்பார்கள், அடுத்த வருசம் இருக்காது. தமிழ்நாட்டுப் பதிப்புகளை வெளிநாட்டிலும் வாங்கலாம். பெட்டியின் நிறையை உள்ளூர்ப் புத்தகத்துக்கு வைத்திருங்கள்.

நான்காம் கிழமை: மட்டக்களப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து போக ஒரு பகல் முழுக்க வேண்டும், அதனால் இரண்டு இரவாவது தங்குங்கள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைக்கும் தாய்வீடு இது. கூத்து ஒரே நாளில் நடந்து முடிகிற விசயம் இல்லை என்பதுதான் பயணிக்கு வாய்ப்பு. சட்டம் கொடுப்பார்கள், அதாவது பாத்திரங்களைப் பிரித்துப் பாட்டைக் கையில் கொடுப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். சதங்கை அணிவது ஒரு நாள், அடுக்குப் பார்ப்பது, அதாவது முழு ஒத்திகை, ஒரு நாள், கடைசியில் அரங்கேற்றம். அரங்கேற்றம் தவறினால் மனம் விடாதீர்கள். அடுக்குப் பார்க்கிற இரவில் உடுப்பும் முடியும் இல்லாததால் கால் வைப்பு வடிவாகத் தெரியும். வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தின் நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார். பிழை விட்டவனை அவர் எல்லோர் முன்னாலும் திருத்துவதையும் பார்க்கலாம், அரங்கேற்றத்தில் அது கிடையாது. சீலாமுனை, முனைக்காடு போன்ற ஊர்களில் விசாரியுங்கள். இரவு முழுக்க இருக்க முடியாதவர்களுக்கு வசந்தன் கூத்து: பெடியன்கள் கோல் அடித்து ஆடுகிற சின்னக் கூத்து. வைகாசியில் வந்தால் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கைத் தவறவிடக் கூடாது.

மட்டக்களப்பு வாவிக்கு அடியிலிருந்து கேட்கிற பாடுமீன் ஓசைக்குப் பூரணை இரவு. கல்லடிப் பழைய பாலத்தடியில், வாகன இரைச்சல் அடங்கிய பிறகு, தோணியில் போய் அசையாமல் நிற்க வேண்டும். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வையுங்கள். தந்தியை மெல்லச் சுண்டியது போல ஒரு முனகல். மீனா, ஓடுள்ள உயிரான ஊரியா என்று இன்னும் வாதாடுகிறார்கள். காற்று அடித்தாலும், வெள்ளம் கலங்கியிருந்தாலும், பக்கத்தில் இயந்திரப் படகு ஓடினாலும் கேட்காது. தோணிக்காரரோடு கூலியையும் எவ்வளவு நேரம் என்பதையும் ஏறமுன் பேசிவிடுங்கள். பூரணை என்றால் நாடு முழுக்கப் போயா விடுமுறை: பஸ் நிரம்பும், அறை கிடைக்காது, அலுவலகம் பூட்டு. முதல்நாளே போய்ச் சேருங்கள்.

தையில் வருகிறவர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி அப்போது கிடையாது, அதற்கு ஈடாக வல்வெட்டித்துறைப் பட்டம் இருக்கிறது. தைப்பொங்கலன்று பின்னேரம் கடற்கரையில் போட்டி. வானத்தில் ஏறுவது வெறும் கடதாசி இல்லை. அசைகிற, விரிகிற, வெளிச்சம் போடுகிற பொறிகள். பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாத உருவங்களும் வரும். கடற்கரைக்குப் போகிற ஒழுங்கைகள் இறுகிவிடும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர வேண்டும். கண்ணுக்கு வெயில் படாத பக்கம் பார்த்து இருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பட்டம் கட்டிக் கொடுக்கக் கேட்டால் ஊர்ப் பெடியன்கள் மறுக்கமாட்டார்கள். பட்டத்தை ஏற்றுகிற நூலோடு இணைக்கும் முச்சையின் மூன்று நூலும் அளவு பிசகினால் பட்டம் ஒருபக்கம் சரிந்து குத்தும். வால் கட்டையானால் நின்ற இடத்தில் சுழலும், நீளம் கூடினால் எழும்பாது. பெரிய பட்டமென்றால் விண் பூட்டுவார்கள்: வில்லாக வளைத்த தடியில் இழுத்துக் கட்டிய பட்டி, காற்றில் அதிர்ந்து கூவும். வாடைக்காற்று நிலையாக அடிக்கிற நாளில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை கூவிக்கொண்டிருக்கும். மின்கம்பி போகிற பக்கம் மட்டும் ஏற்ற விடாதீர்கள்.